டானும் காட்டில் உயரம் அளந்தவர்கள்

போர்னியோவின் சபா மாநிலத்தில், லகாட் டத்து நகருக்கு மேற்கே, 438 சதுர கிலோமீட்டருக்குப் பரந்து கிடக்கிறது டானும் பள்ளத்தாக்கு. கோடரி படாத தாழ்நில மழைக்காடு. லண்டன் ராயல் சொசைட்டி 1985-இல் இங்கே ஆய்வுத் திட்டத்தைத் தொடங்கியது. மறு ஆண்டே சேகாமா ஆற்றங்கரையில் கள ஆய்வு நிலையம் எழுந்தது.

காட்டில் மரத்தை அளப்பதென்றால் பருமனை அளப்பதுதான் வழக்கம். மார்பு உயரத்தில் அடிமரத்தைச் சுற்றி நாடா பிடிப்பார்கள். பலகைவேர் விட்ட மரமானால் ஏணி வைத்து, வேருக்கு மேலே ஏறிச் சுற்ற வேண்டும். உயரம்தான் பிடிகொடுக்காது. அண்ணாந்து பார்த்தால் அடுக்கடுக்காக இலை மறைக்கும், நுனி தெரியாது. காடு எவ்வளவு கரிமத்தைத் தாங்கி நிற்கிறது என்று கணக்கிட உயரமும் வேண்டும்.

அந்தக் குறையை விமானம் போக்கியது. 2014-இல் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தின் டேவிட் கூம்ஸ் குழுவுக்காகவும், 2016-இல் சூழலியலாளர் கிரெக் ஆஸ்னர் குழுவோடும் லேசர் கருவி சபா காடுகளின் மேல் பறந்தது. கருவி அனுப்பும் ஒளித்துடிப்பில் ஒரு பங்கு உச்சி இலையில் பட்டுத் திரும்பும். மிச்சம் இடுக்குகளில் நுழைந்து கீழிறங்கும். கொஞ்சம் தரையையும் தொடும். திரும்பி வருவதில் ஒரு நானோநொடி தாமதமென்றால் 15 சென்டிமீட்டர் தூரம். உச்சிக்கும் தரைக்கும் உள்ள வித்தியாசம் உயரம். நடுவில் திரும்பியவை விதானத்தின் அடுக்குகள். வெட்டிய காடு எது, வெட்டாத காடு எது என்பதை இந்த அடுக்குகளே காட்டிக்கொடுக்கின்றன.

ஆனால் அடர்காட்டில் தரையை எட்டும் துடிப்புகள் சொற்பம். தரைமட்டக் கணிப்பு பிசகினால் உயரமும் பிசகும். ஆகவே ஆள் ஏறித்தான் உறுதி செய்ய வேண்டும். டானும் ஆய்வு நிலையத்தின் வரலாற்றில் மரமேறிகளுக்குப் பேராசிரியர்களுக்குச் சமமான இடம் உண்டு என்பேன். சபாவிலேயே உள்ள மலியாவ் படுகையில் கூம்ஸ் குழு கண்ட மஞ்சள் மெரந்தி மரத்தில் 2016-இல் ஏறியவர் சபாவைச் சேர்ந்த உண்டிங் ஜாமி. கழுகு ஒன்று தாக்க வந்துகொண்டிருந்தது, தேனீக்கள் சுற்றிப் பறந்தன. நல்ல படம் எடுக்கக்கூட நேரமில்லை. உயரத்தை மட்டும் அளந்துவிட்டார்: 89.5 மீட்டர்.

2018-இல் நாட்டிங்ஹாம் பல்கலைக்கழகத்தார் டானும் பகுதியின் லேசர் பதிவில் இன்னும் உயரமான மஞ்சள் மெரந்தியைக் கண்டார்கள். மெனாரா என்று பெயரிட்டார்கள். 2019 ஜனவரியில் உண்டிங் ஜாமியே அதிலும் ஏறி, உச்சியிலிருந்து நாடாவைத் தொங்கவிட்டார். 100.8 மீட்டர். பிறகு தரையிலிருந்தும் லேசரால் அலகிட்டு எடையைக் கணித்தார்கள்: வேர் நீங்கலாக 81.5 டன். அதில் 95 விழுக்காடு அடிமரம். கிளைகளும் இலைகளும் சேர்ந்த முடிக்கு வெறும் 5 விழுக்காடுதான்.