பாலாடையும் கார் ஷெட்டும்

1969 அக்டோபர் 21. நியூயார்க்கிலிருந்து லண்டனுக்கு ஒரு தந்தி போனது. இந்த வாரக் கடைசியில் ஓர் இசைத்தட்டு பதிவு செய்கிறோம், பாஸ் கிட்டார் வாசிக்க வரமுடியுமா என்று அதில் கேட்டிருந்தார்கள். கேட்கப்பட்டவர் பீட்டில்ஸ் குழுவின் பால் மெக்கார்ட்னி. கேட்டவர்கள் கிட்டார் கலைஞர் ஜிமி ஹென்ட்ரிக்ஸ், ட்ரம்பெட் மேதை மைல்ஸ் டேவிஸ், ட்ரம்ஸ் கலைஞர் டோனி வில்லியம்ஸ். ஐயா விடுமுறையில் இருக்கிறார், இரண்டு வாரத்துக்கு வரமாட்டார் என்று பீட்டில்ஸ் தரப்பிலிருந்து பதில் போனது. அத்தோடு கதை முடிந்தது. மறு ஆண்டு செப்டம்பரில் ஹென்ட்ரிக்ஸ் இறந்துபோனார்.

பிராட்மனையும் டெண்டுல்கரையும் ஒரே அணியில் இறக்கி டீ ஆறும்வரை சண்டை போடுகிறவர்களுக்கு இந்த ஆசை புரியும். ராக் ரசிகர்களும் அப்படித்தான்: கிட்டாருக்கு இவர், ட்ரம்ஸுக்கு அவர். ஆனால் இந்தப் பழக்கம் ராக் பிறப்பதற்கு முன்பே ஜாஸ் உலகில் இருந்தது. ‘டவுன் பீட்’ பத்திரிகை 1936-லேயே வாசகர்களிடம் வாக்குச் சேகரித்தது. ‘மெட்ரோனோம்’ பத்திரிகை ஒரு படி மேலே போய், 1939-இல் வெற்றி பெற்றவர்களை ஸ்டுடியோவுக்கே அழைத்துவந்து இசைத்தட்டு போட்டது. பென்னி குட்மன், டாமி டோர்ஸி, ஹாரி ஜேம்ஸ் எல்லாரும் ஒரே அறையில். அன்றைய தட்டின் ஒரு பக்கத்தில் மூன்று நிமிடத்துக்குச் சற்று கூடுதலாகத்தான் பதியமுடியும். அதற்குள் அத்தனை நட்சத்திரங்களும் தலைகாட்ட வேண்டும். பெரிய பந்தி, ஆளுக்கு அரைக் கரண்டி பாயசம்.

யாரும் திட்டமிடாமலும் இது நடந்ததுண்டு. 1956 டிசம்பர் 4 அன்று மெம்ஃபிஸ் நகரின் சன் ஸ்டுடியோவில் கார்ல் பெர்கின்ஸ் பாட, அதிகம் பேர் அறியாத ஜெர்ரி லீ லூயிஸ் பியானோ வாசித்துக்கொண்டிருந்தார். எல்விஸ் பிரெஸ்லி சும்மா எட்டிப்பார்க்க வந்தார். ஜானி கேஷும் வந்து சேர்ந்தார். கோயில் பாட்டும் பழைய பாட்டுமாக அவர்கள் பொழுதுபோக்கிக்கொண்டிருந்ததைப் பதிவு செய்தார்கள். அந்த டேப் இசைத்தட்டாக வெளிவர கால் நூற்றாண்டு ஆயிற்று.

ஏற்கெனவே பெயர்பெற்றவர்கள் ஒன்றுகூடி அமைக்கும் குழுவை ‘சூப்பர் குரூப்’ என்பார்கள். அதற்கு முதல் பெரிய உதாரணமாக எல்லாரும் காட்டுவது 1966-இல் லண்டனில் பிறந்த ‘க்ரீம்’. எரிக் கிளாப்டன், ஜாக் புரூஸ், ஜிஞ்சர் பேக்கர். நாங்கள்தான் பாலாடை என்று பெயரிலேயே சொல்லிக்கொண்ட தைரியம் அவர்களுக்கு இருந்தது. பேக்கரும் புரூஸும் முன்பு ஒரே குழுவில் அடித்துக்கொண்டவர்கள்; புரூஸை வெளியே அனுப்பியவரே பேக்கர்தான். அந்த புரூஸ் வந்தால்தான் நானும் வருவேன் என்று கிளாப்டன் சொன்னபோது, கார் ஓட்டிக்கொண்டிருந்த பேக்கர் வண்டியை எங்கோ மோதப்போனார் என்பார்கள். ஒரே உறையில் மூன்று கத்தி. மேடையில் ஒருமுறை தான் வாசிப்பதை நிறுத்தியும் மற்ற இருவரும் கவனிக்கவில்லை என்று கிளாப்டனே பின்னாளில் சொல்லியிருக்கிறார். 1968 நவம்பரில் லண்டன் ராயல் ஆல்பர்ட் ஹாலில் விடைபெற்றார்கள். இருந்தது இரண்டரை வருடத்துக்கும் குறைவு.

பாடம் படித்தார்களா? கிளாப்டனும் பேக்கரும் ஸ்டீவ் வின்வுட், ரிக் கிரெச் ஆகியோருடன் சேர்ந்து ‘பிளைண்ட் ஃபெய்த்’ தொடங்கினார்கள். 1969 ஜூன் 7, ஹைட் பார்க்கில் முதல் கச்சேரி. ஏறத்தாழ 1 லட்சம் பேர். அமெரிக்கச் சுற்றுப்பயணத்தில் கூட்டம் க்ரீமின் பழைய பாட்டுகளைக் கேட்டு ஆர்ப்பரித்தது. கிளாப்டனுக்கோ தங்களுக்கு முன்னால் வாசிக்க வந்த டிலேனி, போனி தம்பதியின் குழுவோடு இருப்பதே பிடித்துப்போனது. ஒரே ஓர் ஆல்பம். அது பிரிட்டனிலும் அமெரிக்காவிலும் முதலிடம் பிடித்தது. குழுவோ அந்த ஆண்டைத் தாண்டவில்லை.

சண்டை மட்டுமல்ல, ஒப்பந்தமும் குறுக்கே நிற்கும். டேவிட் கிராஸ்பியும் ஸ்டீபன் ஸ்டில்ஸும் கிரஹாம் நாஷைத் தங்கள் குழுவில் சேர்க்க நினைத்தபோது, அவர் எபிக் இசைத்தட்டு நிறுவனத்திடம் கட்டுண்டிருந்தார். இவர்கள் பக்கமிருந்த அட்லாண்டிக் நிறுவனம் தன்னிடமிருந்த பாடகர் ரிச்சி ஃப்யூரேயை அங்கே கொடுத்துவிட்டு நாஷை வாங்கிக்கொண்டது. சந்தையில் காளைக்குக் காளை மாற்றுவதுபோல.

நம் பக்கத்து உதாரணம் ஒன்று. மகாவிஷ்ணு ஆர்கெஸ்ட்ராவில் மின்கிட்டாரை இடியாக முழக்கிக்கொண்டிருந்த ஜான் மெக்லாஃப்லின், 1970-களின் நடுவில் எல். சங்கரின் வயலின், ஜாகிர் உசேனின் தபலா, விக்கு விநாயக்ராமின் கடம் ஆகியவற்றோடு ‘சக்தி’யை அமைத்தார். எல்லாரும் முதல்தர வித்வான்கள்தான். ஆனால் ஒருவர் வாசிக்கும்போது மற்றவர் தாளம் போட்டபடி தன் முறைக்குக் காத்திருப்பது கச்சேரி மேடையில் இயல்பு. க்ரீமிடம் இல்லாதது அதுதான். ஆட்கள் மாறியும் இடைவெளி விட்டும் வளர்ந்த ‘சக்தி’, 2024-இல் ‘திஸ் மொமென்ட்’ ஆல்பத்துக்காக கிராமி வாங்கியது.

ராக் உலகில் இதற்கு இணையாகச் சொல்ல ஒரு குழு உண்டு. அதை யாரும் உருவாக்க நினைக்கவே இல்லை. 1988 வசந்தத்தில் பீட்டில்ஸில் இருந்த ஜார்ஜ் ஹாரிஸனுக்கு ஒரு சிங்கிளின் பின்பக்கத்துக்கு அவசரமாக ஒரு பாட்டு தேவைப்பட்டது. ஜெஃப் லின்னும் ராய் ஆர்பிசனும் கூட இருந்தார்கள். ஸ்டுடியோவுக்கு பாப் டிலனின் கார் ஷெட்டைக் கேட்டார்கள். ஹாரிஸனின் கிட்டார் டாம் பெட்டி வீட்டில் கிடந்தது. எடுக்கப் போனவர் கிட்டாரோடு பெட்டியையும் அழைத்துவந்தார். அங்கே கிடந்த ஓர் அட்டைப்பெட்டியில் ‘கவனமாகக் கையாளவும்’ என்று எழுதியிருந்தது; பாட்டுக்கு அதுவே தலைப்பு. பின்பக்கத்தில் வீணாக்கக்கூடாத பாட்டு என்று நிறுவனம் சொல்லிவிட, ஐவரும் முழு ஆல்பமே போட்டார்கள். சொந்தப் பெயரைக்கூடப் போட்டுக்கொள்ளவில்லை. ‘டிராவலிங் வில்பரீஸ்’ என்ற கற்பனைச் சகோதரர்களாக வந்தார்கள். பெயரை விட்டுக்கொடுத்ததுதான் அவர்களைச் சேர்த்துவைத்தது என்று நம்ப இடமிருக்கிறது.

ஆல்பம் வந்து இரண்டு மாதத்துக்குள், டிசம்பர் 6 அன்று, ஆர்பிசன் மாரடைப்பில் இறந்தார். வயது 52. அதற்குப் பிறகு எடுத்த வீடியோவில் அவர் குரல் வரும் இடத்தில், ஆடும் நாற்காலியில் ஒரு கிட்டார் மட்டும் இருக்கிறது. அவர் இடத்துக்கு வேறு யாரையும் எடுக்கவில்லை. மீதி நால்வரும் 1990-இல் தங்கள் இரண்டாவது ஆல்பத்தை வெளியிட்டு, அதற்கு ‘தொகுதி 3’ என்று பெயர் வைத்தார்கள்.