இடித்தேநீரும் சாமைச் சோறும்

சேர்வராயன் மலையடிவாரத்தில் வாழும் நமக்கு உரலும் உலக்கையும் புதியன அல்ல. ஆயினும், அவற்றின் ஓசைக்குள் ஒரு வரலாறு அடங்கியிருப்பதை நான் உணர்ந்தது கடல்கடந்த கோலாலம்பூரில்தான். புலால் உண்ணாத எனக்கென்று அங்குள்ள தமிழன்பர் ஒருவர், சீனர் உணவகமொன்றில் 'லெய் ச்சா' என்னும் சோற்றை வாங்கித் தந்தார்.

சோற்றின்மேல் பொடியாக நறுக்கி வதக்கிய காராமணிக்காய், கீரை, சிறகவரை, சோயாக்கட்டி, உப்பிட்ட முள்ளங்கி, வறுத்த நிலக்கடலை ஆகியவற்றைத் தனித்தனியே பரப்பியிருந்தனர். அருகே ஒரு கிண்ணத்தில் பச்சை நிறக் குழம்பு. தேயிலை, புதினா, துளசியினத் தழை, எள், நிலக்கடலை ஆகியவற்றை உட்புறம் கீறல்கள் உள்ள மண்சட்டியிலிட்டு, கொய்யாமரத் தடியால் அரைத்து, கொதிநீர் ஊற்றிக் கரைப்பது அது. அதனைச் சோற்றில் வார்த்து உண்கின்றனர். முதல் கவளத்தில் கசப்பு. பின்னர் எள்ளின் மணம். நம் இல்லங்களில் கீரையைச் சட்டியிலிட்டு மத்தால் கடைவது நினைவுக்கு வந்தது.

ஆங்கிலத்தில் இதனை 'இடிமுழக்கத் தேநீர்' என்கின்றனர். இது ஒலிமயக்கத்தால் விளைந்த பெயர். 'லெய்' என்பதற்கு இங்கே அரைத்தல், இடித்தல் என்பதே பொருள். இடிமுழக்கத்தைக் குறிக்கும் சொல்லும் சீனத்தில் 'லெய்' என்றே ஒலிக்கும். முழக்கத்தின் எழுத்தோடு கையைக் குறிக்கும் உறுப்பைச் சேர்த்தால் இடித்தலின் எழுத்து பிறக்கிறது. தமிழிலோ வானத்து முழக்கமும் இடி. உரலில் குத்துவதும் இடிதான். பிறமொழியார் பிழையென ஒதுக்கும் பெயர் தமிழனுக்குப் பிழையாகத் தோன்றாது. கவிஞர்கள் எண்ணி மகிழத்தக்கது இது.

இச்சோற்றுக்குரிய ஹக்கா மக்களின் பெயருக்கு 'விருந்தினர் குடி' என்று பொருள். சீனத்தின் வடபுலத்திலிருந்து பல நூற்றாண்டுகளாகத் தெற்கே பெயர்ந்த அவர்களுக்கு, முன்பே குடியிருந்தோர் கொண்ட நல்ல வயல்கள் கிட்டவில்லை; மலைச்சரிவுகளே கிட்டின. குவாங்தோங் மாகாணத்தில் 1855 முதல் 1867 வரை அவர்களுக்கும் உள்ளூராருக்கும் கடும்போர் நிகழ்ந்தது. நிலமிழந்தோர் பலர் கப்பலேறினர். மலாயாவின் ஈயச் சுரங்கங்களில் அவர்கள் உழைத்தனர். கோலாலம்பூரை வளர்த்தெடுத்த சீனர் தலைவர் யாப் ஆ லோய் (1837–1885) அவ்வினத்தவரே. அதே மலாயாவின் ரப்பர்த் தோட்டங்களுக்குக் கங்காணிகள் ஆள்திரட்டிய மாவட்டங்களுள் நம் சேலமும் ஒன்று. ஈயம் தோண்டியவரும் பால்மரம் வெட்டியவரும் ஒரே மண்ணில் வியர்வை சிந்தினர்.

ஊர் திரும்பியதும் என் கண்கள் மலையை நோக்கின. இங்கும் தம் பெயரால் பிறர் மயங்கும் ஒரு மக்கள் உள்ளனர். மலையாளிகள் எனப்படும் இப்பழங்குடியினர் பேசுவது தமிழ், கேரளத்தாரல்லர். காஞ்சிபுரத்திலிருந்து வந்த மூன்று உடன்பிறந்தாரின் வழிவந்தோர் என்ற அவர்தம் மரபுக்கதையை, எட்கர் தர்ஸ்டன் 1909-இல் வெளியிட்ட தென்னிந்தியக் குலங்களும் குடிகளும் பற்றிய நூலில் பதிவு செய்துள்ளார். இவர்களும் இடம்பெயர்ந்து மலைச்சரிவில் வாழ்வு கண்டவர்கள். சாமையையும் கேழ்வரகையும் விதைத்தனர். சாமையை உரலிலிட்டுக் குத்தி, உமி புடைத்துச் சோறாக்கினர். காட்டுக்கீரை கடைந்து உண்டனர்.

1820-களில் சேலம் ஆட்சியர் காக்பர்ன் ஏற்காட்டில் காப்பிப் பயிரைக் கொணர்ந்தார். தோட்டங்கள் பெருகின, சரிவுகள் கைமாறின. பின்னர் நியாயவிலைக் கடை அரிசி மலையேறிற்று. அரிசி பசி தீர்த்தது. அதனைக் குறை கூறுவதற்கில்லை. ஆனால் சாமைச் சோறு, விருந்தினர்முன் வைக்க நாணும் உணவாயிற்று. 2023-ஆம் ஆண்டினை ஐக்கிய நாடுகள் அவை பன்னாட்டுச் சிறுதானிய ஆண்டாக அறிவித்தபோது நகரத்தார் சாமையைப் பொட்டலமாக வாங்கினர். அதனைக் காத்தவர்களின் பெயர் எப்பொட்டலத்திலும் இல்லை.

ஏழையின் உணவென்று ஹக்கா மக்கள் தம் சோற்றை மறைத்திருந்தால், கோலாலம்பூரில் அது எனக்குக் கிடைத்திராது. அவர்கள் அதனைப் பேணினர். பெயரோடு விருந்தினருக்கும் படைத்தனர். நாம் பத்தாண்டுகளாகப் பாடலும் உரையும் வளர்த்துள்ளோம். அடிவாரத்திலிருந்து மலையேறச் சில மணித்துளிகளே ஆகும். அம்மலையூர்களின் முதியோரிடம் சாமை வகைகளின் பெயர்களையும், கீரைகளின் பெயர்களையும், உலக்கைப் பாட்டையும் கேட்டு எழுதுவது நம் வட்டத்தின் அடுத்த பணியாகட்டும். உலக்கை ஓய்ந்த வீட்டில் அந்தச் சொற்களும் ஓய்ந்துவிடும். அதற்குள் நாம் சென்றாக வேண்டும்.