டெரி நகரசபையும் ஓர் ஆசனக் கணக்கும்

அயர்லாந்தின் வடமேற்கு மூலையிலே, பொய்ல் நதிக்கரையில், டெரி என்னும் பழைய நகரம் உண்டு. அதன் மதிற்சுவர்களையும் முற்றுகையையும் பற்றி வரலாற்று நூல்கள் விரிவாகப் பேசும். நாம் எடுத்துக்கொண்டதோ அந்நகரசபையின் ஆசனக் கணக்கு.

1920 ஜனவரியில் அயர்லாந்தின் நகரசபைகளுக்கு விகிதாசாரப் பிரதிநிதித்துவ முறையில் தேர்தல் நடைபெற்றது. வாக்காளர் தாம் விரும்பும் வேட்பாளருக்கு 1 என்றும், அடுத்தவருக்கு 2 என்றும் வரிசை எண் இடுவர். வென்றவருக்குத் தேவைக்கு மிஞ்சிய வாக்குகளும், தோற்றவருக்கு விழுந்த வாக்குகளும் அவ்வரிசைப்படி ஏனையோரைச் சென்றடையும். பிரித்தானிய அரசு இம்முறையைப் புகுத்தியது ஐரிஷ் மக்கள்மீது கொண்ட பரிவினால் அன்று. 1918 பொதுத் தேர்தலில் பெருவெற்றி கண்ட சின் பெயின் கட்சியின் வேகத்தைத் தணிக்கவே.

டெரியில் அது வேறொரு வேலையைச் செய்தது. 40 ஆசனங்களில் யூனியனிஸ்டுகள் 19 பெற்றனர். தேசியவாதிகளும் சின் பெயினரும் சுயேச்சைத் தேசியவாதி ஒருவருமாக 21 பெற்றனர். நகரில் பெரும்பான்மையினரான கத்தோலிக்கரின் பிரதிநிதிகள் கைக்குச் சபை வந்தது. ஹியூ ஓடோகர்ட்டி மேயரானார். 17ஆம் நூற்றாண்டுக்குப் பின் அப்பதவியில் அமர்ந்த முதற் கத்தோலிக்கர் அவரே.

இது நீடிக்க விடப்படவில்லை. நாடு பிரிக்கப்பட்டதும், பெல்பாஸ்டில் அமைந்த யூனியனிஸ்டு அரசு 1922இல் உள்ளூராட்சித் தேர்தல்களில் விகிதாசார முறையை ஒழித்தது. டப்ளின் எதிர்ப்புத் தெரிவித்தமையால் லண்டன் அரசு சில வாரங்கள் அரச சம்மதத்தை நிறுத்திவைத்தது, பின்னர் இணங்கிவிட்டது. வட்டார எல்லைகளும் திருத்தப்பட்டன. 1923இல் டெரி மீண்டும் யூனியனிஸ்டுகள் வசமாயிற்று.

எல்லை திருத்துவது எவ்வாறு பயன் தரும்? கணக்குப் படிக்கும் மாணவர் எவரும் இதனைச் சரிபார்க்கலாம். 1967இல் டெரியின் தென் வட்டாரத்தில் கத்தோலிக்க வாக்காளர் 10,047, ஏனையோர் 1,138, ஆசனங்கள் 8. வட வட்டாரத்தில் 2,530க்கு 3,946, ஆசனங்கள் 8. வாட்டர்சைட் வட்டாரத்தில் 1,852க்கு 3,697, ஆசனங்கள் 4. ஆக, 14,429 கத்தோலிக்கருக்கு 8 ஆசனங்கள், 8,781 ஏனையோருக்கு 12 ஆசனங்கள். விகிதாசாரப்படி பங்கிட்டிருந்தால் இதே 12உம் 8உம் இடம் மாறியிருக்கும்!

இதற்கு மேலும் ஒரு பூட்டு இருந்தது. உள்ளூராட்சி வாக்குரிமை வீட்டையும் சொத்தையும் பற்றியே நின்றது. பெற்றோருடன் வாழ்ந்த வளர்ந்த பிள்ளைக்கும், வாடகை அறையில் ஒண்டியிருந்த தொழிலாளிக்கும் வாக்கில்லை. பிரித்தானியாவில் 1945இல் ஒழிந்த இவ்வழக்கம் இங்கே 1960களின் இறுதிவரை நின்றது. சபை ஒரு குடும்பத்துக்கு வீடு கொடுத்தால் வாக்கும் கொடுத்ததாகும். ஆகையால் கத்தோலிக்கருக்கு வீடு கட்டினால் தென் வட்டாரத்துக்குள்ளேயே கட்டினர். அங்கும் இடம் தீர்ந்தபோது மக்கள் நெரிசலில் காத்திருந்தனர்.

புரட்டஸ்தாந்துத் தொழிலாளிக்கும் இதனால் இலாபம் இருந்ததென்று சொல்வதற்கில்லை. பாராளுமன்றத்துக்கும் விகிதாசார முறை 1929இல் ஒழிக்கப்பட்டபோது, 1925இல் 3 ஆசனங்கள் பெற்றிருந்த தொழிற் கட்சி ஒன்றோடு நின்றது. மதத்தின் பெயரால் இரு முகாம்கள் மட்டுமே நிற்பது ஆட்சியாளருக்கு வசதியாயிருந்தது.

1968 ஒக்டோபர் 5ஆம் திகதி வீட்டுக்கும் வாக்குக்குமாக டெரித் தெருவில் ஊர்வலம் சென்றோரைப் பொலிஸார் குண்டாந்தடியால் அடித்தனர். மறு ஆண்டிலேயே அந்த நகரசபை கலைக்கப்பட்டு, நியமன ஆணைக்குழு ஒன்று அதன் இடத்தில் அமர்ந்தது. 1973 மே மாதத்தில் விகிதாசார முறை மீண்டும் வந்தது. அத்தேர்தலில் டெரியில் எந்தக் கட்சிக்கும் தனிப் பெரும்பான்மை கிட்டவில்லை.