யானைத் தந்த முட்டை

முன்னூறு ஆண்டுகளுக்கு முன் பாரீஸில் ஒருவர் வகித்த பதவியின் பெயர், 'இளவரசியின் கானரிகளுக்கு கவர்னர்'. கேலி இல்லை. எர்வியே த ஷாந்த்லூ என்பவர் கோந்தே இளவரசியின் அரண்மனையில் அந்தப் பொறுப்பில் இருந்தார். முப்பது வருடத்துக்கு மேல் கோப்புகளோடு காலம் தள்ளிய என்னைப் போன்ற குமாஸ்தாவுக்கு இதைப் படித்ததும் சற்றுப் பொறாமையாகத்தான் இருந்தது. குருவிகள் மனு எழுதாது. நினைவூட்டுக் கடிதமும் அனுப்பாது.

கானரியைப் பிரெஞ்சில் 'செரேன்' என்பார்கள். அதற்குப் பாட்டுச் சொல்லிக் கொடுக்கக் கையால் சுற்றும் சின்ன இசைப்பெட்டி ஒன்று இருந்தது, பெயர் 'செரினேத்'. ஷார்தேன் 1751ல் வரைந்த ஓவியத்தில் ஒரு சீமாட்டி கூண்டருகே அமர்ந்து அதைச் சுற்றிக்கொண்டிருப்பதைக் காணலாம். ஒரே விஷயத்தைத் திரும்பத் திரும்பச் சொல்லி மண்டையில் ஏற்றுவதற்கு 'செரினே' என்ற வினைச்சொல் இதிலிருந்து பிறந்ததுதான். பிரெஞ்சு வழியில் படித்த என் வயதுக்காரர்களுக்கு அது என்ன என்று விளக்க வேண்டியதில்லை. வினைத்திரிபுகளை அப்படித்தான் எங்களுக்கு ஏற்றினார்கள்.

இந்தப் பறவையின் ஊர் அட்லாண்டிக் கடலில் உள்ள கானரித் தீவுகள், மதேரா, அசோர்ஸ். காட்டில் அது பச்சையும் பழுப்பும் கலந்த சாதாரணக் குருவி; மஞ்சள் நிறமெல்லாம் கூண்டில் வந்தது. 15ஆம் நூற்றாண்டில் ஸ்பானியர் கானரித் தீவுகளைப் பிடித்த பிறகு ஐரோப்பாவுக்கு வந்தது. ஸ்பானியர் ஆண் பறவைகளை மட்டுமே விற்றார்கள், கப்பல் ஒன்று கவிழ்ந்து பெட்டைகளும் தப்பியதால்தான் பிற நாட்டவர் வளர்க்க முடிந்தது என்று ஒரு கதை உண்டு. கதை அழகாக இருக்கிறது; நான் நம்பவில்லை.

வாங்குவது சுலபம், குஞ்சு எடுப்பதுதான் பாடு. எர்வியே எழுதிய கானரி வளர்ப்பு நூல் 1718லேயே ஆங்கிலத்தில் வந்துவிட்டது. எப்போது ஜோடி சேர்ப்பது, கூட்டுக்கு என்ன வைப்பது, நோய் வந்தால் என்ன செய்வது என்றெல்லாம் அதில் இருக்கிறது. அன்றைய தொல்லைகள் இன்றைக்கும் மாறவில்லை. குளிர் விடுவதற்கு முன் ஜோடி சேர்த்தால் பெட்டைக்கு முட்டை உள்ளேயே சிக்கிக்கொள்ளும். பந்துபோல் இறகை உப்பிக்கொண்டு கூண்டின் தரையில் உட்கார்ந்துவிடும். உடனே வெதுவெதுப்பான இடத்துக்கு மாற்றாவிட்டால் உயிருக்கே ஆபத்து. ஓடு மெல்லியதாக இருந்தால் சுண்ணச்சத்துப் போதவில்லை என்று பொருள். அதற்குக் கொடுக்கும் கணவாய் ஓடு நம் கடற்கரையில் சும்மா ஒதுங்கிக் கிடக்கிறது. ஐரோப்பாவில் அதைக் கடையில் காசு கொடுத்து வாங்குகிறார்கள். இன்னொன்று செம்பேன். பகலில் கம்பின் இடுக்கில் ஒளிந்திருந்து இரவில் வந்து குஞ்சின் இரத்தத்தை உறிஞ்சும். காலையில் குஞ்சு வெளுத்துச் செத்துக் கிடக்கும். பழி தாயின் மேல் விழும்.

எல்லாவற்றையும்விட என்னை யோசிக்க வைத்தது கடைசிக் குஞ்சின் விவகாரம்.

கானரி நாளுக்கு ஒன்றாகக் காலையில் முட்டையிடும். நான்கு அல்லது ஐந்து. பதின்மூன்று, பதினான்கு நாளில் பொரியும். எல்லா முட்டையும் இட்டு முடிக்கும் முன்பே பெட்டை அடைகாக்கத் தொடங்கிவிடுவதால் முதல் முட்டை முந்திப் பொரிகிறது, கடைசி முட்டை பிந்திப் பொரிகிறது. இரண்டு நாள் இடைவெளி நமக்குப் பெரிதல்ல. குருவிக் குஞ்சுக்கு அது மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம். மூத்தது கழுத்தை நீட்டி வாயைப் பிளக்கும்போது இளையது அடியில் நசுங்கிக் கிடக்கும். தாய் உயரமாகத் தெரியும் வாய்க்குத்தான் முதலில் ஊட்டும். எங்கள் வீட்டில் ஐந்து பேரில் கடைசி நான். எனக்கு அம்மா தனியாக எடுத்து வைப்பாள். குருவிக்கு அப்படி எடுத்து வைக்கத் தெரியாது.

வளர்ப்போர் இதற்கு ஒரு வழி கண்டார்கள். ஒவ்வொரு முட்டையையும் இட்டவுடன் எடுத்துவிட்டு, அந்த இடத்தில் யானைத் தந்தத்தில் கடைந்த பொய் முட்டையை வைத்தார்கள். உண்மை முட்டைகளைத் தவிட்டிலோ பஞ்சிலோ குளிர்ந்த இடத்தில் வைத்து, கடைசியில் மொத்தமாகத் திருப்பிக் கொடுத்தார்கள். எல்லாம் ஒரே நாளில் பொரிந்தன. அண்ணனும் இல்லை, தம்பியும் இல்லை.

1770களில் பறவைகளைப் பற்றிப் பெரிய தொகுதிகளாக எழுதிய பியூஃபோன் பிரபு இதை ஏற்கவில்லை. அரசரின் தோட்டத்துக்கே தலைவர், நாடே வியந்த இயற்கை அறிஞர். இது இயற்கைக்கு மாறானது என்றார். குஞ்சுகள் ஒன்றன்பின் ஒன்றாக வந்தால் தாய்க்குச் சந்தோஷம், ஐந்தும் ஒரே நாளில் வந்து விழுந்தால் பாரம் என்பது அவர் வாதம். தாயின் பக்கம் நின்று பேசினார் என்பதால் எனக்கு அவர் மேல் மரியாதை உண்டு. ஆனால் செத்த குஞ்சைக் கூட்டிலிருந்து பொறுக்கி எடுத்தவர்கள் கூண்டுக்காரர்கள். அவர்கள் பிரபுவின் பேச்சைக் கேட்கவில்லை. பொய் முட்டை தொடர்ந்தது.

இருநூறு வருடம் கழித்து வழக்கில் புதுச் சாட்சி வந்தது. ஹூபெர்ட் ஷ்வாப்ல் என்ற ஆய்வாளர் கானரி முட்டையின் மஞ்சள் கருவைச் சோதித்து 1993ல் ஒரு கட்டுரை வெளியிட்டார். அதில் டெஸ்டோஸ்டிரோன் இருந்தது. அது குஞ்சு தானே உண்டாக்கியது அல்ல. தாய் முட்டைக்குள் வைத்து அனுப்பியது. முதல் முட்டையில் குறைவு, அடுத்தடுத்த முட்டைகளில் கூடுதல். அந்த ஹார்மோன் சற்று அதிகம் கிடைத்த குஞ்சு வேகமாக வாய் பிளந்து இரை கேட்கிறது, நன்றாகவும் வளர்கிறது என்று பின்னர் காட்டினார். குருவிக்கு எடுத்து வைக்கத் தெரியாது என்று மேலே சொன்னேன் அல்லவா? முட்டையிடும்போதே எடுத்து வைத்துவிடுகிறது.

ஆக, தாய் ஏற்பாடு செய்துதான் அனுப்புகிறாள் என்ற அளவில் பியூஃபோனுக்குப் பாதி வெற்றி. மீதிப் பாதி வளர்ப்போருக்கே என்பேன். காட்டில் ஒரு குஞ்சு போனாலும் அடுத்த ஈட்டில் சரிக்கட்டிக்கொள்ளலாம். கூண்டுக்காரன் ஒன்றையும் இழக்க விரும்புவதில்லை.

வெளிச்சத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. எங்கள் தெருவில் பிரெஞ்சு ஓய்வூதியம் வாங்கிய ஒரு பெரியவர் ஒரு ஜோடி வைத்திருந்தார். ஒவ்வொரு தடவையும் கூமுட்டைதான். பெட்டைக்குத் தோஷம் என்று பக்கத்து வீட்டார் சொன்னார்கள். இந்தப் பறவை பகல் நீள்வதைக் கண்டுதான் கூட்டுக்குத் தயாராகிறது. ஆணின் பாட்டும் அதைத் துரிதப்படுத்தும். பாரீஸில் டிசம்பர் பகலுக்கும் ஜூன் பகலுக்கும் சுமார் எட்டு மணி நேரம் வித்தியாசம். புதுச்சேரியில் ஒன்றரை மணி நேரம்கூட இல்லை. ஆணும் பெட்டையும் ஒரே சமயத்தில் தயாராகாவிட்டால் முட்டை வரும், கரு வராது. வெயிலும் தீனியும்கூடக் காரணமாக இருந்திருக்கலாம். தோஷம் எங்கிருந்து வந்தது?

இப்போது யானைத் தந்தம் இல்லை. பொய் முட்டைகள் பிளாஸ்டிக்கில் வருகின்றன. நான்காவது முட்டை விழுந்த காலையில் அவற்றை எடுத்துவிட்டு நிஜ முட்டைகளைக் கூட்டில் வைக்கிறார்கள்.