கொங்கு நாட்டு அகழ்தொழிலும் திணைநில மீட்பும்

நிலத்தை அகழ்ந்து பொருள் எடுத்தல் கொங்கு நாட்டிற்குப் புதிய தொழில் அன்று. மணியும் இரும்பும் இந்நாட்டு மண்ணிலிருந்து ஈராயிரம் ஆண்டுகளுக்கு முன்னரே எடுக்கப்பட்டன. சுண்ணாம்புக்கல்லும் செம்மண்ணும் இருபதாம் நூற்றாண்டில் பேரளவில் எடுக்கப்பட்டன. எடுக்கப்பட்ட பொருள்கள் யாண்டுச் சென்றன, யார் வாங்கினர், எவ்வளவு விலை பெற்றன என்பவற்றை வரலாற்று நூல்கள் கூறுகின்றன. ஆயின், அகழ்ந்த இடத்தில் முன்பு வாழ்ந்த புல்லும் மரமும் விலங்கும் புள்ளும் பின்னர் என்ன ஆயின என்னும் வினா அந்நூல்களில் அரிதாகவே எழுகின்றது. அவ்வினாவைக் கோவையையும் அதனைச் சூழ்ந்த கொங்குப் பகுதியையும் கொண்டு ஆராய்தல் இக்கட்டுரையின் நோக்கமாகும்.

1. திணையும் திரிபும்

தொல்காப்பியர் நிலத்தையும் பொழுதையும் முதற்பொருள் என்றார். அம்முதற்பொருளைச் சார்ந்து தோன்றும் தெய்வம், உணவு, விலங்கு, மரம், பறவை, தொழில் முதலியவற்றைக் கருப்பொருள் என ஒருசேர எண்ணினார். மரத்தை எண்ணிய இடத்திலேயே விலங்கையும் பறவையையும் மக்களின் தொழிலையும் எண்ணியமை நோக்கத்தக்கது. இவை ஒன்றையொன்று பற்றி நிற்பன. ஒன்றை நீக்கின் ஏனையவும் நெடுநாள் நில்லா. மரம் மட்டும் நிற்கும் இடம் திணை ஆகாது என்பது இப்பாகுபாட்டிலிருந்து நாம் பெறும் முதற்கருத்து.

பாலைக்குத் தனிநிலம் இல்லை என்பதும், வெம்மை மிகுதலால் காடும் மலையும் தம் தன்மை மாறி அடையும் நிலையே அது என்பதும் இளங்கோவடிகள் வழி நாம் அறிந்தவை. இதிலிருந்து இரண்டாவது கருத்தைப் பெறுகிறோம். திரிந்த நிலம் மீளவும் கூடும். ஆயின், இலக்கியப் பாலை வேனிலால் விளைவது. கார் வந்தால் நீங்குவது. மண்ணையே அகற்றியதனால் விளைந்த பாலை மழையால் மட்டும் நீங்குமா என்பதே ஈண்டு எழும் ஐயம்.

2. பண்டைய அகழ்வு

நொய்யல் ஆற்றின் வடகரையில் உள்ள கொடுமணலைப் பதிற்றுப்பத்துக் குறிக்கும் கொடுமணம் என அறிஞர் கொள்வர். 1985 முதல் அங்கு நிகழ்ந்த அகழாய்வுகள், இரும்பு உருக்கிய உலைகளையும் மணி இழைத்த தொழிற்கூடங்களின் எச்சங்களையும் வெளிப்படுத்தின. அத்தொழிலுக்குரிய மூலப்பொருள்கள் சுற்றுவட்டாரத்தில் கிடைத்தன. படியூரில் பெரில் என்னும் மணிக்கல்லும், சிவன்மலைப் பகுதியில் நீலக்கல்லும், வெங்கமேட்டில் பளிங்கும், சென்னிமலைப் பகுதியில் இரும்புத்தாதும் இருந்தன. உரோம அறிஞர் பிளினி பெரில் மணிகள் பெரும்பாலும் இந்தியாவினின்று வருவன என எழுதினார். நெடுங்காலத்திற்குப் பின் 1819-20 இல் ஹீத் என்னும் ஆங்கிலேயர் படியூரில் மீண்டும் மணிக்கல் எடுத்தார்.

இத்துணைப் புகழ் பெற்ற தொழில் நிகழ்ந்த அந்நிலம் இன்று எவ்வாறு உள்ளது? படியூரும் காங்கயமும் அமைந்த அப்பகுதி கொறங்காடு எனப்படும் மேய்ச்சல் நிலங்களுக்குப் பெயர் பெற்றது. கிளுவை வேலி சூழ, கொழுக்கட்டைப் புல் தரையை மூட, வெள்வேல மரங்கள் இடையிடையே நிழல் தர, காங்கயம் மாடுகள் ஒரு காட்டிலிருந்து மறு காட்டிற்கு முறை மாற்றி மேய்க்கப்படும் நிலம் அது. முல்லைத் திணையின் கருப்பொருள்கள் பல அங்கு இன்றும் ஒருங்கே காணப்படுகின்றன.

பண்டைய அகழ்வோர் கைக்கருவி கொண்டு கல் ஓடும் வழியைப் பின்பற்றித் தோண்டினர். குழி சிறிது, அதனைச் சூழ்ந்த காடு பெரிது. விதையும் பறவையும் அண்மையிலேயே இருந்தன. குழியின் கரை சரிந்தபின் புல் தானே ஏறியிருக்கும் எனக் கொள்ளுதல் பொருந்தும். அக்கால மக்கள் நிலத்தை மீட்டனர் என்பதற்குச் சான்று வேண்டியதில்லை. மீட்கும் ஆற்றல் நிலத்திடமே எஞ்சியிருந்தது என்பதே உண்மை.

3. கரியும் காடும்

அகழ்தொழில் காட்டை அழிப்பது குழியினால் மட்டும் அன்று. தாதுவை உருக்க விறகுக் கரி வேண்டும். 1800 இல் கொங்குப் பகுதி வழியாகப் பயணம் செய்த புக்கானன், 1807 இல் வெளியான தம் பயணநூலில், கருமணலிலிருந்து இரும்பு எடுக்கும் உள்நாட்டு முறையை விரித்துரைத்துள்ளார். அவ்வுலைகள் சிறியன. 1830 இல் பரங்கிப்பேட்டையில் நிறுவப்பட்ட இரும்புத் தொழிற்சாலையோ சேலத்துத் தாதுவைப் பேருலைகளில் உருக்க முற்பட்டது. அது நிலைபெறாது போனமைக்கு உரிய காரணங்களுள் கரி கிடைப்பதன் அருமையும் ஒன்று. கப்பல் கட்டவும் இருப்புப்பாதை இடவும் மரம் வேண்டப்பட்ட காலமும் அதுவே. சென்னை மாகாணத்தில் வனத்துறை 1856 இல் கிளெக்கார்ன் தலைமையில் அமைந்ததும், 1882 இல் வனச்சட்டம் இயற்றப்பட்டதும் இப்பின்னணியில் நோக்கத்தக்கவை.

அழிந்த காட்டை மீட்கும் முயற்சிக்குக் கோவை மாவட்டத்திலேயே முன்மாதிரி உண்டு. தேக்கு மரங்கள் பெருமளவு வெட்டப்பட்ட ஆனைமலையில் ஹியூகோ உட் என்னும் வன அலுவலர், வெட்டிய அடிமரம் மீண்டும் தழைக்குமாறு வேரை விட்டு வெட்டும் முறையைக் கைக்கொண்டார்; தேக்கு விதைகளையும் ஊன்றினார். 1933 இல் மறைந்த அவர் உடல், அவர் வளர்த்த மரங்களினிடையே டாப்சிலிப்பில் அடக்கம் செய்யப்பட்டுள்ளது. அவர் செயல் போற்றத்தக்கது. எனினும் இரண்டு வேறுபாடுகளை மறத்தல் ஆகாது. ஒன்று, அங்கு மரம் போயிற்றே அன்றி மண் போகவில்லை. மற்றொன்று, தேக்கு மீண்டமை வேறு; பல்வகை மரமும் கொடியும் செறிந்த பழங்காடு மீளல் வேறு.

4. இருபதாம் நூற்றாண்டின் விரிவு

1934 இல் மதுக்கரையில் சிமெண்டுத் தொழிற்சாலை தோன்றியது. வாளையாறு காடுகளை அடுத்த சுண்ணாம்புக்கல் அதற்கு மூலப்பொருள் ஆயிற்று. வெடிமருந்தும் எந்திரமும் வந்தபின் குழி என்பது குன்றின் அளவினதாயிற்று. கரடு எனக் கொங்கு மக்கள் வழங்கும் சிறு பாறைக்குன்றுகளும் பலவிடங்களில் கல்லுக்காக உடைக்கப்பட்டன. வெளியார் கண்ணுக்கு வெறும் பாறையாகத் தோன்றும் இவ்வகைக் குன்றுகள் உயிரற்றவை அல்ல. தென்னிந்தியப் பாறைக்குன்றுப் புதர்களையே உறைவிடமாகக் கொண்ட மஞ்சள்தொண்டைச் சின்னான் என்னும் பறவை அழியும் அபாயத்திற்கு உள்ளாயினமைக்குக் கல்லுடைப்பும் ஒரு காரணம்.

கோவைக்கு வடமேற்கே ஆனைகட்டிச் சாலையில் அமைந்த தடாகம் பள்ளத்தாக்கின் நிலை இன்னும் ஆழ்ந்து நோக்கத்தக்கது. ஆனைகட்டி என்னும் பெயரே அப்பகுதிக்கும் யானைக்கும் உள்ள தொடர்பைக் காட்டும். சின்னத்தடாகம், நஞ்சுண்டாபுரம், வீரபாண்டி, பன்னிமடை, சோமையம்பாளையம் ஆகிய ஊராட்சிகளில் செங்கற்சூளைகள் பெருகின. கோவை நகரின் வீடுகளும் கேரளத்து வீடுகளும் அச்செங்கல்லால் எழுந்தன. பல்லாயிரவர் அத்தொழிலால் பிழைத்தனர். ஆயின், மலையடிவாரத்துச் செம்மண் மண்வாரி எந்திரங்களால் ஆழத் தோண்டப்பட்டது. சூளைகளுக்கு விறகாகப் பனைகள் வீழ்த்தப்பட்டன. பனை யானை விரும்பி உண்ணும் மரம். யானை நடந்த வழியில் செங்குத்தான குழிகள் தோன்றின.

ஈண்டு ஒரு சொல்லாய்வு பயன்படும். கொங்கு வழக்கில் பள்ளம் என்பது மலையிலிருந்து இறங்கும் காட்டாற்றைக் குறிக்கும். தடாகம் மலைகளில் தோன்றி நகரூடே பாயும் சங்கனூர்ப் பள்ளம் அதற்குச் சான்று. பள்ளம் நீரைக் கொண்டு செல்வது. குழி நீரைத் தடுத்து நிறுத்துவது. செம்மண் குழிகள் பள்ளங்களின் கரையையும் அரித்தபோது, ஓடும் நீர் குழியில் தேங்கியது, கீழ்நிலம் வறண்டது. குழி நிறைந்தால் குளம் ஆகாதோ என வினவுவார் உளர். குளத்திற்கு விலங்கு இறங்கி ஏறும் சரிந்த கரை உண்டு. வரத்தும் போக்கும் உண்டு. இவையற்ற குழி குளம் ஆகாது.

மக்கள் தொடுத்த முறையீடுகளாலும் சென்னை உயர்நீதிமன்றத்திலும் தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்திலும் நிகழ்ந்த வழக்குகளாலும், இசைவின்றி இயங்கிய 186 செங்கற்சூளைகள் 2021 மார்ச்சில் மூடப்பட்டன. அகழ்தல் நிறுத்தப்பட்டமை மீட்பின் தொடக்கம், மீட்பு அன்று.

5. மீட்கும் முறை

சட்டம் இதுபற்றி ஓரளவு கூறியுள்ளது. 2020 சனவரி 8 ஆம் நாள் உச்ச நீதிமன்றம், சுரங்கக் குத்தகையாளர் பணி முடிந்தபின் அந்நிலத்தில் மீண்டும் புல் வளர்க்க வேண்டும் எனவும், தீவனமும் செடிகொடியும் விலங்கினமும் வாழத் தக்கதாக அதனை ஆக்க வேண்டும் எனவும் ஆணையிட்டது. மரத்தைக் கூறாது புல்லை முன்வைத்தமை கருதத்தக்கது. தமிழக அரசு 2021 நவம்பரில் காப்புக்காடுகளின் எல்லையிலிருந்து 1 கிலோமீட்டருக்குள் கல், மண் எடுத்தலைத் தடை செய்தது. 2022 டிசம்பரில் அத்தடையினின்று காப்புக்காடுகள் விலக்கப்பட்டன; சரணாலயங்கள், யானை வழித்தடங்கள் முதலியவற்றிற்கு அது தொடர்ந்தது. ஓராண்டில் மாறும் விதியை நம்பி நூறாண்டு வேண்டும் காட்டை வளர்த்தல் எளிதன்று.

செயல்முறைக்குக் கென்யாவின் மொம்பாசா நகரை அடுத்த பம்புரிச் சுண்ணாம்புக்கல் சுரங்கம் நல்ல எடுத்துக்காட்டு. மதுக்கரை போன்று சிமெண்டுக்காக அகழப்பட்ட வெறும் பாறைத்தளம் அது. 1971 இல் ரெனே ஹாலர் என்னும் சுவிட்சர்லாந்து நாட்டு வேளாண் அறிஞர் அங்கு 26 வகை மரங்களை நட்டார், மூன்றே பிழைத்தன. அவற்றுள் ஒன்று சவுக்கு. சவுக்கு வளர்ந்தும் அதன் சருகு மட்கவில்லை. ஆதலின் மண் உண்டாகவில்லை. பின்னர் மரவட்டைகளைக் கொணர்ந்து விட்டார். அவை சருகைத் தின்று எருவாக்கின. மண் உண்டாயிற்று, பிற செடிகள் வந்தன, பறவையும் விலங்கும் தொடர்ந்தன. மரத்தால் மட்டும் ஆகாத செயலை மரவட்டை நிறைவேற்றியது. கருப்பொருள்கள் ஒன்றையொன்று பற்றி நிற்பன என்னும் நம் முன்னோர் பாகுபாட்டிற்கு இதனினும் சிறந்த விளக்கம் காண்டல் அரிது.

கொங்கு நிலத்திற்குச் சவுக்கே வேண்டும் என்பது நம் கருத்தன்று. முறையே கொள்ளத்தக்கது. முதலில் குழிச்சுவர்களைச் சரித்து யானையும் மானும் ஏறி இறங்கச் செய்தல் வேண்டும். அகழத் தொடங்கும்போதே மேல்மண்ணைத் தனியே காத்து வைத்தல் வேண்டும். விதையும் நுண்ணுயிரும் அதில்தான் உள்ளன. பள்ளங்களின் பழைய வழியை மீட்டல் வேண்டும். பின்னர்க் கொழுக்கட்டைப் புல்லும் ஆவாரையும், அடுத்து உசிலும் வெள்வேலும் பனையும் என முறையே வளர்த்தல் வேண்டும். சந்தனம் இறுதியில் வரலாம். பிற செடிகளின் வேரைப் பற்றி உணவு கொள்ளும் மரம் அது. தனியே நட்டால் தழையாது. அதன் கனியைத் தின்று விதையைப் பரப்புவது பறவை. சீமைக்கருவேலும் உண்ணிச்செடியும் முந்திக்கொண்டால் இம்முறை முழுதும் கெடும். விரைவில் பசுமை காட்டும் பொருட்டு அவற்றை விட்டுவைத்தல் நிலத்தை மீட்டலாகாது.

இப்பணிக்கு அறிவு வெளியிலிருந்து மட்டும் வர வேண்டியதில்லை. கொறங்காடு பேணும் காங்கயத்து உழவர்க்குப் புல்லும் மரமும் விலங்கும் ஒருங்கே வாழும் முறை தெரியும். தடாகத்து மலைவாழ் இருளர்க்குச் செடியின் பருவமும் விலங்கின் வழியும் தெரியும். ஆனைகட்டியில் சாலிம் அலி பறவையியல் மையமும் கோவையில் வன மரபியல் மற்றும் மரப்பெருக்க நிறுவனமும் உள்ளன. சூளை மூடியதால் வேலையிழந்தோர்க்கு இப்பணியில் இடம் அளித்தல் அறமும் ஆகும். மக்களின் தொழிலையும் கருப்பொருளுள் சேர்த்து எண்ணியது நம் இலக்கணம்.

6. முடிபு

மேற்கூறியவற்றால், கொங்கு நாட்டில் அகழ்தொழில் ஈராயிரம் ஆண்டுப் பழமையுடையது என்பதும், பண்டைக் குழிகளை ஆற்றும் வலிமை சூழ்நிலத்திற்கு இருந்தது என்பதும், இருபதாம் நூற்றாண்டின் விரிவு அவ்வலிமையை மிஞ்சிற்று என்பதும் பெறப்படும். இனி மீட்பின் அளவுகோல் நட்ட கன்றுகளின் எண்ணிக்கையாக இருத்தல் கூடாது. எத்தனை கருப்பொருள்கள் ஒருங்கு கூடின என்பதே அளவுகோல் ஆதல் வேண்டும். தடாகத்தின் குழிகளில் யானை இடரின்றி இறங்கி நீர் உண்டு ஏறிச் செல்லும் நாளிலேயே அந்நிலம் பாலை நீங்கிக் குறிஞ்சி ஆயிற்று என்று நாம் கூறலாம்.