இரண்டு சீருடைகளுக்கு நடுவே ஒரு கிதார்

1945ஆம் ஆண்டின் இலையுதிர்காலத்தில் பாரிஸ் நகரில் பதிவான சில இசைத்துண்டுகள் இன்றும் நமக்குக் கேட்கக் கிடைக்கின்றன. வாசிப்பது அமெரிக்க ராணுவ விமானப் படையின் போக்குவரத்துப் பிரிவான ஏர் டிரான்ஸ்போர்ட் கமாண்டின் வாத்தியக் குழு. நடத்துபவர் ஜாக் பிளாட். டிரம்பெட்களும் டிராம்போன்களும் சாக்ஸபோன்களும் அணி அணியாக முழங்கி ஓயும் இடைவெளியில் ஒற்றைக் கிதார் புகுந்து பேசத் தொடங்குகிறது. அதை வாசிப்பவர் சீருடை அணியாதவர்; அமெரிக்கரும் அல்லர். ஜாங்கோ ரைன்ஹார்ட் என்னும் ரோமா இனத்துக் கலைஞர் அவர். ஐந்து ஆண்டுகளாக ஐரோப்பா முழுவதும் வேட்டையாடப்பட்ட ஓர் இனத்தின் மகன், வென்ற படையின் வாத்தியக் குழுவிற்கு முன்னால் அமர்ந்திருக்கிறார். அவர் அங்கு வந்து சேர்ந்த வழியை அறிந்துகொண்டு கேட்டால் அந்தப் பதிவுகள் வேறுவிதமாக ஒலிக்கின்றன.

பிக் பேண்ட் எனப்படும் பெரும் ஜாஸ் குழுவில் கிதாருக்கு வாய்த்த இடம் சிறியது. பித்தளைக் குழல்களின் பேரொலிக்கு நடுவே மின்விசையற்ற கிதாரின் குரல் எடுபடாது. ஆகவே கிதார் கலைஞர் பியானோ, பாஸ், டிரம்ஸ் ஆகியவற்றோடு சேர்ந்து தாளத்தைத் தாங்கும் பணியை மட்டும் செய்வார். கேட்பவர்கள் அவரைத் தனியே உணர்வதில்லை. அவர் நிறுத்தினால் மட்டும் ஏதோ குறைகிறது என்று தோன்றும். போர்க்காலத்தின் புகழ்பெற்ற ராணுவ ஜாஸ் குழுவான கிளென் மில்லர் குழுவில் கார்மன் மாஸ்ட்ரன் என்ற தேர்ந்த கிதார் கலைஞர் ஆற்றியதும் இப்பணியையே. ஜாங்கோவோ இந்த மரபுக்கு வெளியே வளர்ந்தவர்.

1910 ஜனவரி 23 அன்று பெல்ஜியத்தின் லிபெர்ஷி என்ற ஊரருகே, நாடோடி வண்டி ஒன்றில் பிறந்தவர் அவர். பிரான்ஸ், பெல்ஜியப் பகுதிகளில் வாழும் மனூஷ் என்ற ரோமா பிரிவினர் அவருடைய சுற்றத்தார். பல நூற்றாண்டுகளுக்கு முன் வட இந்தியாவிலிருந்து புறப்பட்டவர்களின் வழித்தோன்றல்கள் ரோமா மக்கள் என்பதை அவர்களுடைய மொழியே காட்டிக்கொடுக்கிறது. ஜாங்கோ பள்ளிக்குச் சென்றவர் அல்லர். இசைக்குறிப்புகளைப் படிக்கவும் அறியாதவர். 1928இல் அவருடைய வண்டி தீப்பற்றி எரிந்தபோது இடக்கை கருகி மோதிர விரலும் சுண்டு விரலும் மடங்கிப்போயின. எஞ்சிய இரு விரல்களைக் கொண்டே தந்திகளின் மேல் ஓடும் புதியதொரு முறையைத் தமக்கென வகுத்துக்கொண்டார். 1934இல் வயலின் கலைஞர் ஸ்டெஃபான் கிராப்பெல்லியுடன் பாரிஸில் அவர் அமைத்த ஐவர் குழுவில் டிரம்ஸும் இல்லை, குழல்களும் இல்லை, தந்திகள் மட்டுமே. கிதாரைப் பின்வரிசையிலிருந்து முன்னே கொண்டுவந்த குழு அது எனலாம்.

1939 செப்டம்பரில் போர் மூண்டபோது அக்குழு லண்டனில் இருந்தது. கிராப்பெல்லி அங்கேயே தங்கிவிட்டார். ஜாங்கோ பாரிஸ் திரும்பினார். அடுத்த ஆண்டு ஜெர்மானியப் படைகள் நகருக்குள் நுழைந்தன.

இங்கே வரலாறு நம் எதிர்பார்ப்புக்கு மாறாகச் செல்கிறது. நாஜிகளின் கொள்கைப்படி ஜாஸ் இழிந்த இனங்களின் இசை. ரோமா மக்கள் அழிக்கப்பட வேண்டியவர்கள். ஆயினும் ஆக்கிரமிக்கப்பட்ட பாரிஸில் ஜாஸ் செழித்தது. ஜாங்கோவின் புகழும் உச்சிக்கு ஏறியது. 1940 டிசம்பரில் அவர் பதிவு செய்த 'நுவாஜ்' என்ற மெல்லிசை, 'மேகங்கள்' என்று பொருள்படுவது, அடிமைப்பட்ட நகரத்தின் ஏக்கக் குரலாகவே மாறிப்போனது. கிராப்பெல்லியின் வயலின் இருந்த இடத்தில் இப்போது ஹூபெர் ரோஸ்தேங்கின் கிளாரினெட் ஒலித்தது. அரங்குகளில் பாரிஸ் மக்களுக்கு அருகிலேயே ஜெர்மானியச் சீருடைகளும் அமர்ந்து கேட்டன. டீட்ரிச் ஷுல்ஸ்-கோன் என்ற ஜெர்மானிய விமானப் படை அதிகாரி தீராத ஜாஸ் பித்தர். 1942இல் ஜாங்கோவோடும் கறுப்பினக் கலைஞர்களோடும் அவர் சீருடையில் நிற்கும் புகைப்படம் இன்றும் பார்ப்பவரைத் திகைக்க வைக்கிறது.

அந்தப் புகழ் தந்த பாதுகாப்பு எத்தகையது என்பதை ஜாங்கோ அறிந்தே இருந்தார் என்பதற்கு அவருடைய ஓட்டமே சான்று. 1943இல் சுவிட்சர்லாந்துக்குத் தப்பிக்க முயன்றவர் எல்லையோரத் தோனோன் நகரில் ஜெர்மானியரிடம் பிடிபட்டார். அங்கிருந்த அதிகாரி ஜாஸ் ரசிகராக இருந்ததால் விடுவிக்கப்பட்டார் என்று வாழ்க்கை வரலாற்றாசிரியர்கள் எழுதுகின்றனர். மறுபடியும் முயன்றபோது சுவிஸ் எல்லைக் காவலர்கள் திருப்பி அனுப்பிவிட்டனர்.

இந்நிகழ்ச்சியைப் படிக்கும்போது முரசு கட்டிலில் அறியாது உறங்கிய மோசிகீரனாரை நாம் நினைக்காமல் இருக்க முடிவதில்லை. வாளால் இரு கூறாக்கியிருக்க வேண்டிய மன்னன் கவரி வீசி நின்றான் என்பது புறநானூறு காட்டும் காட்சி. கலையின் மாண்புக்குச் சான்றாக வகுப்பறையில் நாம் அதைச் சொல்லி மகிழ்கிறோம். ஆனால் அந்த அருள் கட்டிலில் கிடந்த ஒரு புலவருக்கு உரியது. தோனோனில் ஜாங்கோவுக்குக் கிடைத்ததும் அத்தகையதே. கிதார் வாசிக்கத் தெரியாத ரோமா மக்களுக்கு அந்த அதிகாரியால் என்ன கிடைத்திருக்கும் என்ற கேள்வியை அக்காலத்து முகாம்களின் வரலாறு எழுப்புகிறது.

அவர்களுக்குக் கிடைத்தது முள்வேலி. அந்த வேலியை ஜெர்மானியர் மட்டும் நட்டுவிடவில்லை. 1912ஆம் ஆண்டுச் சட்டமே 'நாடோடிகள்' என்ற பிரிவை வகுத்து, உடல் அளவுகளும் கைரேகையும் பதிந்த அடையாள ஏட்டைச் சுமந்து திரியுமாறு அவர்களைக் கட்டாயப்படுத்தியிருந்தது. ஜெர்மானியர் வருமுன்னரே, 1940 ஏப்ரல் 6 அன்று, அவர்கள் ஊர்விட்டு ஊர் செல்வதைப் பிரெஞ்சுக் குடியரசு தடைசெய்தது. அவ்வாண்டு அக்டோபரில் ஜெர்மானியர் ஆணையிட, பிரெஞ்சு அதிகாரிகளும் காவலர்களும் முகாம்களை நடத்தினர். அவற்றில் பெரியது மோந்த்ரேய்-பெல்லே.

1944 ஆகஸ்ட் 25 அன்று பாரிஸ் விடுதலை பெற்றது. டிசம்பர் 15 அன்று இங்கிலாந்திலிருந்து பாரிஸ் நோக்கிப் புறப்பட்ட கிளென் மில்லரின் விமானம் கால்வாய்க் கடலில் மறைந்தது. தலைவனை இழந்த குழு பாரிஸ் வந்து வாசித்தது. 1945 ஜனவரியில் அக்குழுவின் மெல் பவல், பீனட்ஸ் ஹக்கோ, ரே மெக்கின்லி முதலியோர் ஜாங்கோவோடு சேர்ந்து சில பாடல்களைப் பதிவு செய்தனர். அவர்களுக்கு அவர் இசைத்தட்டு வழியாக அறிந்து வியந்த பெயர். அவருக்கு அவர்கள் ஜாஸ் பிறந்த மண்ணிலிருந்து வந்தவர்கள். இன்னொன்றையும் குறிப்பிட வேண்டும். கறுப்பின மக்கள் படைத்த இசையை உலகெங்கும் கொண்டுசென்ற அந்த அமெரிக்க ராணுவம் அப்போது இன அடிப்படையில் பிரிந்தே இருந்தது. மில்லரின் குழுவில் கறுப்பினத்தவர் எவரும் இல்லை. அந்தப் பிரிவினையை ஒழிக்கும் ஆணை 1948இல்தான் வந்தது.

போர் முடிந்தபின் வந்த இலையுதிர்காலத்தில் ஏர் டிரான்ஸ்போர்ட் கமாண்ட் குழுவோடு ஜாங்கோ வாசித்தார். 'ஜாங்கோலஜி', 'ஸ்விங் கிதார்ஸ்', 'மனுவார் தெ மே ரேவ்' ஆகிய அவருடைய படைப்புகளே பெருங்குழுவுக்கு ஏற்ப விரித்து எழுதப்பட்டன. குழுவினர் முன்னே இசைத்தாள்கள். ஜாங்கோவுக்குக் காதும் நினைவுமே துணை. குழல்கள் ஒதுங்கி வழிவிடும்படி இசை அமைக்கப்பட்டிருக்கிறது. ஒலிவாங்கி கிதாரை முன்னே கொண்டுவருகிறது. 1935இல் தந்திகள் மட்டும் பேசிய 'ஜாங்கோலஜி'யைக் கேட்டுவிட்டு இதைக் கேட்பவர் வேறுபாட்டை உணர்வர். முன்னது நெருங்கிய சுற்றத்தாரின் உரையாடல். பின்னது பெரிய சபையில் எழுந்து நின்று பேசுவது. பெருங்குழுக்களோடு வாசிப்பது அவருக்குப் புதிதல்ல. 1942இல் பிரஸ்ஸல்ஸில் ஃபட் கான்ட்ரிக்ஸ், ஸ்டான் பிரெண்டர்ஸ் ஆகியோரின் குழுக்களோடு அவர் வாசித்திருக்கிறார். இம்முறை வாசித்தது அமெரிக்கர்கள். அடுத்த ஆண்டு டியூக் எலிங்டனோடு அவர் மேற்கொள்ளவிருந்த அமெரிக்கப் பயணத்தின் முன்னுரையாக இப்பதிவுகளை நாம் கொள்ளலாம்.

அந்த இசை வானில் பரவிய அதே மாதங்களில், விடுதலை பெற்ற பிரான்ஸின் முகாம்களில் ரோமா குடும்பங்கள் இன்னும் அடைபட்டுக் கிடந்தன. 1945 ஜனவரியில் மோந்த்ரேய்-பெல்லே மூடப்பட்டபோது அங்கே எஞ்சியிருந்தோர் வேறு முகாம்களுக்கு மாற்றப்பட்டனரே தவிர விடுவிக்கப்படவில்லை. கடைசிக் குடும்பங்கள் வெளியே வந்தது 1946இல். பிரெஞ்சு அரசு தன் பொறுப்பை ஒப்புக்கொள்ள மேலும் 70 ஆண்டுகள் ஆயின. 2016 அக்டோபரில், மோந்த்ரேய்-பெல்லேயில், குடியரசுத் தலைவர் பிரான்சுவா ஒல்லாந்த் அதைச் செய்தார். ஜாங்கோ 1953 மே 16 அன்று, தம் 43ஆம் வயதில், மறைந்துவிட்டிருந்தார்.

அடுத்தடுத்து வந்த இரண்டு படைகளும் அவருடைய கிதாருக்குக் கைதட்டின. இரண்டாவது படையோடு வந்தது விடுதலை என்பதில் நமக்கு ஐயமில்லை. அந்த வேறுபாட்டை மறந்து இரண்டையும் சமமாக்கிவிடலாகாது. ஆயினும் கலைஞனைப் போற்றுவது ஒன்று, அவனுடைய மக்களை மனிதராய் ஏற்பது மற்றொன்று. முன்னது நடந்துவிட்டதாலேயே பின்னதும் நடந்துவிட்டதாக எண்ணிக்கொள்வது ரசிகர்களாகிய நமக்கு எளிது. 1945இன் அந்தப் பதிவுகளைக் கேட்கும்போது, கைதட்டலுக்கு அப்பால் முள்வேலிக்குள் கேட்பாரற்று இருந்தவர்களையும் சேர்த்தே நாம் நினைக்க வேண்டும்.