கணுப் பொங்கல்

கணுப் பொங்கல் என்பது பொங்கல் திருநாளுக்கு மறுநாள், அதாவது தை 2-ஆம் நாள், பெண்கள் தம் உடன்பிறந்த ஆண்களின் நலம் வேண்டிச் செய்யும் வழிபாடு ஆகும். இது கணு, கணுப்பிடி எனவும் அழைக்கப்படுகின்றது. இந்நாள் பெரும்பாலும் சனவரி 15 அல்லது 16-இல் வரும். மாட்டுப் பொங்கலும் இதே நாளில் கொண்டாடப்படுகின்றது. கணுப்பிடி வைக்கும் வழக்கம் தமிழ்ப் பிராமணர் இல்லங்களில் பரவலாகவும், வேறு சில சமூகத்தாரிடையே ஆங்காங்கேயும் காணப்படுகின்றது.

செய்முறை

பொங்கலன்று பானையில் கட்டப்பட்ட மஞ்சள் கொத்தே மறுநாள் வழிபாட்டுக்கும் பயன்படுகின்றது. காலையில் நீராடுவதற்கு முன்னர், வயதில் மூத்த சுமங்கலிப் பெண்கள் பச்சை மஞ்சள் கிழங்கை இளையவர்களின் நெற்றியில் கீறி வாழ்த்துவர். பின்னர் முற்றம், மொட்டைமாடி, ஆற்றங்கரை போன்ற திறந்த வெளியில் கோலமிட்டு, மஞ்சள் இலைகளைப் பரப்புவர். முதல் நாள் வடித்த சோற்றில் மஞ்சள் கலந்தது, சிவப்பு நிறம் சேர்த்தது, தயிர் கலந்தது எனப் பல வகை செய்து, அவற்றையும் சர்க்கரைப் பொங்கலையும் சிறு பிடிகளாகப் பிடித்து வரிசையாக வைப்பர். கரும்புத் துண்டு, வாழைப்பழம், வெற்றிலை பாக்கு ஆகியனவும் உடன் வைக்கப்படும்.

இப்பிடிகள் காக்கை, குருவி முதலிய பறவைகளுக்கு உரியவை. காக்கை உணவைக் கண்டால் கரைந்து தன் இனத்தை அழைக்கும். அதுபோல் உடன்பிறந்தோரும் பிரியாது கூடி வாழ வேண்டும் என்பதே இவ்வேண்டுதலின் பொருள். அதன் பின் நீராடி, எலுமிச்சை, புளி, தேங்காய், தயிர் முதலியவை கலந்த சித்திரான்னங்களை உண்பர்.

ஒத்த விழாக்கள்

வட இந்தியாவில் ஆவணி மாதத்தையொட்டிய முழுநிலவு நாளில் கொண்டாடப்படும் ரக்சா பந்தனில் சகோதரி சகோதரனின் கையில் காப்புக் கயிறு கட்டுகின்றாள். தீபாவளியை அடுத்து வரும் பாய் தூஜ் நாளில் அவனுக்குத் திலகமிட்டு விருந்தளிக்கின்றாள். இவ்விழா மராட்டியத்தில் பாவ் பீஜ் எனவும், நேபாளத்தில் பாய் டீக்கா எனவும் வழங்குகின்றது. யமன் தன் தங்கை யமுனையின் இல்லத்துக்கு விருந்துக்குச் சென்ற கதை இதனுடன் தொடர்புடையது. இவ்விழாக்களில் சகோதரன் நேரில் இருப்பது முதன்மையானது. கணுப் பொங்கலிலோ அவன் எங்கிருப்பினும் சகோதரி தான் இருக்கும் இடத்திலேயே வேண்டிக்கொள்ளலாம்.

பொங்கல் சீர்

சகோதரியின் வேண்டுதலுக்கு இணையாகச் சகோதரன் ஆற்றும் கடமை சீர் அளித்தல் ஆகும். கணுப்பிடி வைக்காத குடும்பங்களிலும் இவ்வழக்கம் உண்டு. பச்சரிசி, வெல்லம், கரும்பு, மஞ்சள் கொத்து, வாழைப்பழம், புடவை, பணம் ஆகியவை சீரில் இடம்பெறும். பெற்றோர் மறைந்த பின்னரும் தாய்வீட்டு உறவு தொடர்வதற்கு இச்சீரே அடையாளமாகக் கருதப்படுகின்றது.

கொங்கு நாட்டு வழக்குகள்

சேலம் மாவட்டத்தின் ஜலகண்டாபுரம் முதல் நாமக்கல் வரையிலான சமவெளி கொங்குப் பண்பாட்டுத் தொடர்பு கொண்டது. கொங்கு நாட்டில் உடன்பிறப்பு உறவு வேறு வடிவங்களிலும் சிறப்பிக்கப்படுகின்றது. கொங்கு வேளாளர் உள்ளிட்ட சில சமூகத்தாரின் திருமணங்களில் மணமகனும் அவன் சகோதரியும் பங்கேற்கும் இணைச்சீர் நடைபெறுகின்றது. மனைவி வந்த பின்னும் சகோதரிக்குரிய மதிப்புக் குறையாது என்பதை இது ஊரறியச் செய்கின்றது. பொன்னர், சங்கர் ஆகியோரின் கதையான அண்ணன்மார் கதையில், போர்க்களத்தில் மாண்ட அண்ணன்மாரைத் தேடிச் செல்பவள் தங்கை தங்காளே. இவர்களுக்குத் திருச்சிராப்பள்ளி மாவட்டம் வீரப்பூரில் மாசி மாதம் விழா எடுக்கப்படுகின்றது.

சீரும் சொத்துரிமையும்

நிலம் ஆண்மக்களுக்கே உரியதாக இருந்த காலத்தில், பிறந்த வீட்டில் பெண்ணுக்கு எஞ்சியிருந்த உரிமையின் அடையாளமாகச் சீர் விளங்கியது. 1956-ஆம் ஆண்டின் இந்து வாரிசுரிமைச் சட்டம் தந்தையின் தனிச் சொத்தில் மகளுக்கும் பங்களித்தது. ஆயினும் பூர்வீகக் கூட்டுக்குடும்பச் சொத்தில் மகனுக்கு நிகராக அவள் பங்காளி ஆகவில்லை. தமிழ்நாட்டின் சட்டத் திருத்தம் 1989 மார்ச் 25 முதல் அவ்வுரிமையை மகள்களுக்கு வழங்கியது. எனினும் அந்நாளுக்கு முன் மணமானவர்களுக்கு அது பொருந்தவில்லை. 2005 செப்டம்பர் 9 அன்று நடைமுறைக்கு வந்த நடுவண் அரசின் திருத்தம், மணமானவர், மணமாகாதவர் என்ற வேறுபாட்டை நீக்கியது. அந்நாளில் தந்தை உயிருடன் இருந்திருக்க வேண்டியதில்லை என உச்ச நீதிமன்றம் வினீதா சர்மா வழக்கில் 2020 ஆகத்து 11 அன்று தீர்ப்பளித்தது. முன்னரே முறைப்படி முடிந்த பாகப்பிரிவினைகளை இத்திருத்தம் மாற்றுவதில்லை.

சட்டம் இவ்வாறிருப்பினும், பங்கு கேட்டால் தாய்வீட்டு உறவு முறிந்துவிடும் எனத் தயங்கி, சகோதரர்களுக்கு விடுதலைப் பத்திரம் எழுதிக் கொடுக்கும் பெண்கள் பலர் உள்ளனர். பத்திரம் எழுதிப் பதிவு செய்தால் பங்கு சகோதரருக்குச் சென்றுவிடும். ஆனால் ஆண்டுதோறும் சீர் பெற்றதனால் மட்டும் ஒரு பெண்ணின் சொத்துரிமை நீங்குவதில்லை. சீர் உறவைச் சார்ந்தது. பங்கு சட்டத்தைச் சார்ந்தது. பங்கைப் பெற்றுக்கொண்ட சகோதரியும் தன் உடன்பிறந்தானுக்காகக் கணுப்பிடி வைக்கலாம்.